கல்கியா, சாண்டில்யனா, சுஜாதாவா: முதல் நாவலை யாரிடம் தொடங்குவது?

தமிழில் நாவல் படிக்க ஆசையாக இருக்கிறது, யாரிடம் தொடங்கலாம்? 2022-ல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் ஐந்து பாகங்களையும் ஏற்கெனவே வாங்கி, முதல் பாகத்தின் நடுவில் நிறுத்தி வைத்திருப்பவர்கள். சிலர் ஆங்கில வழியில் படித்தவர்கள். தமிழ் படிக்கத் தெரியும், வேகம் வராது. ஒரு காலத்தில் வாடகை நூலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து படித்துவிட்டு, பிறகு வேலை, குழந்தை, கைபேசி என்று பழக்கமே விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: கல்கியில் ஆரம்பி. கல்கி மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் பதில் பாதிப் பேரைப் படிப்பிலிருந்தே விரட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். நம்முடைய வெகுஜன நாவலாசிரியர்கள் அநேகமாக எல்லோரும் பத்திரிகைக்காக எழுதியவர்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. ராஜேஷ்குமாரின் மாத நாவலோ ஒரு ரயில் பயணத்தில் முடிந்துவிட வேண்டும் என்ற அளவில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் உடல்வாகே வேறு. எழுத்தாளரின் புகழைப் பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்; உங்கள் நாளில் படிப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து எடுத்தால் முடிப்பீர்கள்.

## எதையெல்லாம் வைத்துப் பார்க்கலாம்

முதலில் நீளம். பக்க எண்ணிக்கையைவிட, இடைவெளி விட்டுத் திரும்பினால் கதை பிடிபடுமா என்பதுதான் முக்கியம். இரண்டாவது நடை: வாக்கியங்கள் உங்களை இழுத்துக்கொண்டு போகின்றனவா, நீங்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதா? மூன்றாவதை நான் தொடர்கதைத் தழும்பு என்பேன். போன வாரக் கதையை நினைவூட்டும் பத்திகள், அத்தியாய முடிவில் வலிந்து வைக்கும் திடுக்கிடல், வாசகர் வரவேற்பு இருக்கிறதே என்று இழுத்த நடுப்பகுதி, இதழில் இடம் முடிந்தது என்று அவசரமாகக் கட்டிய கடைசி. வாராவாரம் படித்தவர்களுக்கு இவை உறுத்தியிருக்காது. புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது தெரியும்.

நான்காவது, அந்தக் கதை இன்றைக்கு எப்படி நிற்கிறது என்பது. குறிப்பாகப் பெண்களை எழுதியிருக்கும் விதம். கடைசியாக, அந்த எழுத்தாளர் உங்களை அடுத்து எங்கே கொண்டுபோய் விடுவார்? தொடக்க நூலைத் தேடுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை. என் கணக்கில் இதுதான் முதன்மையானது.

| எழுத்தாளர் | தொடங்க ஏற்ற நூல் | அளவு | நடை | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| கல்கி | பார்த்திபன் கனவு | ஒரு புத்தகம் | தெளிவு, பழைய மரபு | நிதானம் வேண்டும் |
| சாண்டில்யன் | யவன ராணி | இரண்டு பாகம் | வடமொழி கலந்த அலங்காரம் | நீண்ட வர்ணனைகள் |
| சுஜாதா | கரையெல்லாம் செண்பகப்பூ | சிறியது | பாய்ச்சல் | அவசர முடிவுகள் |
| பாலகுமாரன் | இரும்புக் குதிரைகள் | நடுத்தரம் | பேச்சு, மன ஓட்டம் | உபதேசம் |
| ராஜேஷ்குமார் | கையில் கிடைக்கும் எந்த மாத நாவலும் | மிகச் சிறியது | எளிமை, வேகம் | ஒரே சட்டகம் |
| ரமணிசந்திரன், சிவசங்கரி | ஒரு மனிதனின் கதை (சிவசங்கரி) | சிறியது, நடுத்தரம் | வீட்டுப் பேச்சு | முன்கூட்டியே தெரியும் முடிவு (ரமணிசந்திரன்) |

## கல்கி

கல்கியின் பலம் அவருடைய குரல். கதைக்குள் நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகிறவர் ஒருவர் எப்போதும் கூடவே இருக்கிறார். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது, அவனைப் போலவே நாமும் அந்த ஊருக்குப் புதியவர்கள். சோழ அரசியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் காதில் விழுவதுதான் நம் காதிலும் விழுகிறது. சரித்திரப் பாடம் நடத்தாமல் சரித்திரத்துக்குள் ஆளை இறக்கும் இந்த உத்தியை அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். அந்த லாகவம் எனக்குத் தெரிந்து யாருக்கும் வரவில்லை.

அடித்தளமும் உறுதியானது. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளைப் படித்து, அதன் மேல் கட்டினார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்று குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டு உண்மை. நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. இந்த எல்லைக்கோடு படிக்கும்போது தெரியாது. நாவலையே வரலாறாக நம்பிவிடும் ஆபத்து உண்டு. நந்தினி நிஜமாக இருந்தாளா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்தக் கற்பனையின் வலிமை அப்படி.

இனி செலவுக் கணக்கு. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். நடுவில், முக்கியமாக மூன்றாம் பாகத்தில், ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்வதும், அதை மூன்றாமவர் ஒளிந்து கேட்பதுமாகக் கதை சுற்றும். தொடர்கதைக்கு அது தேவையாக இருந்தது. மொத்தமாகப் படிப்பவருக்குச் சோதனை. கொலை செய்தது யார் என்பதற்கு முடிந்த முடிவாகப் பதில் கிடைக்காது. கதை சட்டென்று முடிந்துவிட்டதாக அப்போதே வாசகர்கள் குறைப்பட, கல்கி முடிவுரை எழுதி மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு செலவு பதிப்பில் இருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் எத்தனையோ பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கின்றன. சிலவற்றில் எழுத்து பொடிப்பொடியாக, பிழைகளோடு இருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மணியத்தின் ஓவியங்களோடு வந்த பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். அந்த ஓவியங்கள் கதையின் பாதி.

என் யோசனை, முதலில் ‘பார்த்திபன் கனவு’. ஒரே புத்தகம். பறிபோன சோழ நாடு, தந்தையின் கனவைச் சுமக்கும் இளவரசன், எங்கிருந்தோ வந்து உதவும் சிவனடியார் என்று கல்கியின் எல்லா வித்தைகளும் சிறிய அளவில் அதில் இருக்கின்றன. அது பிடித்தால் ‘சிவகாமியின் சபதம்’. கதைக்காலப்படி ‘சிவகாமி’ முந்தியது என்பதால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. கல்கி எழுதிய வரிசையில் படித்தால் நரசிம்மவர்ம பல்லவரை முதலில் முதிர்ந்த மன்னராகப் பார்த்துவிட்டு, பிறகு காதலில் தவிக்கும் இளைஞன் மாமல்லனாகப் பார்ப்பீர்கள். அந்தக் காதலின் துக்கம் கூடுதல் ஆழம் பெறும்.

சரித்திரமே வேண்டாம் என்பவர்களுக்கு ‘அலை ஓசை’ இருக்கிறது. விடுதலைப் போராட்டமும் தேசப் பிரிவினையும் ஒரு குடும்பத்தின் வழியாக. சாகித்திய அகாதெமி விருதை அவர் மறைவுக்குப் பின் 1956-ல் பெற்றுத் தந்த நாவல் அதுதான். ‘பொன்னியின் செல்வ’னின் நிழலில் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

## சாண்டில்யன்

சாகசம் வேண்டும், கடல் வேண்டும், வாள் வேண்டும் என்றால் சாண்டில்யன்தான். ‘கடல் புறா’வில் கருணாகரத் தொண்டைமானை, கலிங்கத்துப்பரணியில் பாடப்பட்ட அந்தத் தளபதியை, இளைய பல்லவன் என்ற துடிப்பான வீரனாக்கி, கடாரம், ஸ்ரீவிஜயம் வரை அனுப்புகிறார். கப்பல் எப்படித் திரும்பும், காற்று எந்தப் பக்கம் வீசினால் எதிரிக்குச் சாதகம், கோட்டையை எந்த மூலையில் உடைக்கலாம் என்பதையெல்லாம் அவர் எழுதும்போது நம்பாமல் இருக்க முடியாது. போர்த் தந்திரத்தில் கல்கியை விஞ்சியவர் என்றே சொல்வேன்.

ஆனால் பெண் பாத்திரம் ஒன்று அறைக்குள் வந்துவிட்டால் கதை நின்றுவிடும். உச்சி முதல் பாதம் வரை வர்ணனை, பிறகு சிருங்காரப் பேச்சு, அதற்குள் அத்தியாயமே முடிந்துவிடும். குமுதத்தில் அது வாசகர்களைக் காத்திருக்க வைத்தது. இன்று படிக்கும் பெண்களில் பலருக்கு அது எரிச்சலூட்டுகிறது என்று கேட்டிருக்கிறேன், நியாயமான எரிச்சல். இத்தனைக்கும் அவருடைய கதாநாயகிகள் வாள் சுழற்றவும் அரசியல் பேசவும் தெரிந்தவர்கள். ‘கடல் புறா’வின் மஞ்சளழகியை மறக்க முடியுமா? அந்தப் பெண்களை அவரே அலங்காரத்தில் புதைத்துவிட்டார்.

‘கடல் புறா’ மூன்று பாகம் என்பதால், சங்ககாலக் கரிகால் சோழன் காலத்தில் நடக்கும் ‘யவன ராணி’யை முதலில் எடுக்கலாம். பதினைந்து, பதினாறு வயதில் படித்தால் இவர் கொடுக்கும் போதை தனி. முதல்முறையாக நாற்பதில் படிப்பவருக்குப் பாதிதான் ஏறும்.

## சுஜாதா

வேகம் தேடுபவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் சுஜாதா. 1968-ல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வந்தபோது எழுதிய வாக்கியங்கள் இன்னும் பழசாகவில்லை. தேவையில்லாத சொல்லை அவர் அனுமதிக்க மாட்டார். ஒருவன் மாடிப்படி இறங்கினால் எழுத்துகளையே படிபடியாக இறக்கி அச்சிட வைப்பார். விளையாட்டாகத் தெரிந்தாலும், அச்சிட்ட பக்கமும் கதையின் ஒரு பகுதி என்று தமிழ் வாசகனுக்குப் பழக்கியவர் அவர்.

‘கரையெல்லாம் செண்பகப்பூ’வைத் தொடக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காக கிராமத்துக்கு வரும் கல்யாணராமன், பழைய ஜமீன் மாளிகை, ராத்திரியில் கேட்கும் குரல் என்று மர்மக்கதையாகத்தான் போகும். இடையில் வரும் நாட்டுப்பாடல்களும் வெள்ளி என்ற பெண்ணும் அதை வெறும் மர்மக்கதையாக இருக்க விடாது. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அவருடைய துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் இருவரையும் சந்திக்க விரும்புபவர்கள் ‘கொலையுதிர் கால’த்துக்குப் போகலாம். பேயா, விஞ்ஞானமா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை பிடித்து நிறுத்தியிருப்பார். விஞ்ஞானப் புனைவு வேண்டுமென்றால் ‘என் இனிய இயந்திரா’. இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கக்கூடாது, குழந்தை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும் என்ற ஒரு நாட்டில் ஜீனோ என்ற இயந்திர நாய் மெல்ல மெல்லச் சிந்திக்கத் தொடங்குகிறது. எந்திரம் யோசிப்பது பற்றி எல்லோரும் பேசும் இந்த நாளில் அதைத் திரும்பப் படிப்பது தனி அனுபவம்.

செலவு? முடிவுகள். அருமையாக விரித்த கதையைக் கடைசி இரண்டு அத்தியாயத்தில் அள்ளி மூட்டை கட்டியிருப்பார். ஒரே நேரத்தில் பல பத்திரிகைகளுக்கு எழுதியதன் விளைவு அது என்பது என் கணிப்பு. வசந்தின் பெண்கள் பற்றிய ஜோக்குகளும் இன்றைக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஆனாலும் அடுத்து எங்கே கொண்டு போவார் என்ற கேள்வியில் இவரை யாரும் நெருங்க முடியாது. ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’, ‘கற்றதும் பெற்றதும்’ இரண்டிலும் புதுக்கவிதை, சங்கப்பாடல், ஆழ்வார், அறிவியல் என்று தான் படித்ததையெல்லாம் வாசகனிடம் பகிர்ந்துகொண்டே இருந்தார். அவர் கைகாட்டித்தான் எத்தனையோ பேர் தீவிர இலக்கியத்துக்குப் போனார்கள். சுஜாதாவில் தொடங்கியவர்கள் சுஜாதாவிலேயே நின்றுவிடுவது குறைவு.

## பாலகுமாரன்

இவரை எல்லா வயதிலும் படிக்க முடியாது. வாழ்க்கையில் எதாவது ஒன்று கைநழுவிப் போயிருக்க வேண்டும். வேலையோ, உறவோ, தன்மேல் இருந்த நம்பிக்கையோ. அப்போது எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

டிராக்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தொழிற்சாலையும் அலுவலகமும் அவருக்கு உள்ளிருந்து தெரியும். தொழிலாளர் போராட்டத்தைச் சுற்றி எழுதிய ‘மெர்க்குரிப் பூக்கள்’, லாரித் தொழிலின் உலகத்தையும் அதற்குள் குதிரைகளைப் பற்றிய கவிதைகளையும் வைத்த ‘இரும்புக் குதிரைகள்’ இரண்டும் வெகுஜனப் பத்திரிகையில் வந்தவை என்பதையே மறக்கவைக்கும் தரம் கொண்டவை. லாரி ஷெட்டும் கவிதையும் ஒரே நாவலில் சண்டையில்லாமல் இருக்கின்றன. பெண்களின் மனத்தை அறிந்து எழுதுகிறார் என்று அந்தக் காலத்தில் பெண் வாசகர்கள் கொண்டாடியதும் வீண் புகழ்ச்சி இல்லை.

பிற்காலத்தில் ஆன்மிகம் மிகுந்தது. பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேசுவார். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதுவே ஈர்ப்பு, மற்றவர்களுக்குச் சுமை. ‘பொன்னியின் செல்வன்’ முடித்து, அருள்மொழி ராஜராஜ சோழனாகிப் பிறகு என்ன செய்தான் என்று ஏங்குபவர்களுக்கு ஆறு பாகம் கொண்ட ‘உடையார்’ இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தச்சர்கள், தேவரடியார்கள், வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்று கல்கி பார்க்காத பக்கத்தை அதில் பார்க்கலாம். சாகசத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

## ராஜேஷ்குமார்

படிப்பே மெதுவாக வருகிறது என்பவர்களுக்கு என் மருந்து இதுதான். கோயம்புத்தூர்க்காரர், 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். வாக்கியங்கள் குட்டையானவை, பாதிக்கு மேல் உரையாடல். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடி, கடைசியில் ஒரு புள்ளியில் மோதும். அந்த மோதலுக்காகவே கை தானாகப் பக்கத்தைத் திருப்பும். இரண்டு மூன்று நாவல் முடித்தவுடன் கண் தமிழுக்குப் பழகிவிடும். சொல் சொல்லாகப் படித்தவர்கள் வரி வரியாகப் படிக்கத் தொடங்குவார்கள். அவருடைய துப்பறியும் நாயகன் விவேக்கும் மனைவி ரூபலாவும் துணைக்கு வருவார்கள்.

இதே பாதையில் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி என்று போகலாம். அமானுஷ்யம் பிடிக்குமானால் இந்திரா சௌந்தர்ராஜன்.

தொடர்ந்து நிறையப் படித்தால் சட்டகம் தெரிந்துவிடும். அப்போது நிறுத்திக்கொண்டு வேறு எழுத்தாளருக்கு நகர வேண்டியதுதான். பழைய மாத நாவல்கள் பல மறுபதிப்புக் காணாதவை என்பதால், ஒன்று பிடித்துப்போய் அதேபோல இன்னொன்றைத் தேடினால் பழைய புத்தகக் கடைதான் கதி.

## ரமணிசந்திரன், சிவசங்கரி

ரமணிசந்திரனைக் குறைத்துப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் படித்ததில்லை. வாடகை நூலகங்கள் உயிரோடு இருந்ததற்கு அவருடைய நாவல்களும் பெரிய காரணம். வீட்டு வேலை முடிந்து கிடைக்கும் மதிய நேரத்தில் ஒரு பெண் தனக்காக மட்டும் செய்த ஒரு காரியமாக அந்தப் படிப்பு இருந்திருக்கிறது. எனக்கு அது சிறிய விஷயமாகப் படவில்லை. கோபக்கார நாயகன், தன்மானமுள்ள நாயகி, ஒரு தவறான புரிதல், கடைசியில் இணைதல். முடிவு தெரிந்தே படிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இணையத்தில் இன்று எழுதப்படும் எத்தனையோ குடும்ப நாவல்களின் அச்சு அவருடையது.

ஆனால் நாயகனின் முரட்டுத்தனத்தைக் காதலாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் இடங்கள் உண்டு. வயதுப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் அதைப் பற்றி அவளோடு பேசத் தயாராக இருங்கள்.

குடும்பக் கதை வேண்டும், ஆறுதலுக்கு மட்டும் அல்ல என்றால் சிவசங்கரி. ‘ஒரு மனிதனின் கதை’யில் குடிப்பழக்கம் ஒரு நல்ல மனிதனைத் தின்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் படிக்கக் கடினமாக இருக்கும். அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். பின்பு இந்துமதியின் ‘தரையில் இறங்கும் விமானங்கள்’, அதன்பின் லக்ஷ்மியின் நாவல்கள் என்று தொடரலாம்.

## பட்டியலில் சேராதவர்கள்

சிரிக்க வேண்டுமென்றால் தேவன். ‘துப்பறியும் சாம்பு’ எந்த வயதினருக்கும் ஆகும். லட்சியவாதம் பிடிக்குமானால் நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு தலைமுறையைப் பிடித்த கதை. அதன் மேடைப்பேச்சு நடை இன்று எல்லோருக்கும் ஒத்துவராது. அகிலன் ‘சித்திரப்பாவை’க்கு ஞானபீடம் பெற்றவர். முதல் நாவலாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஐந்தாவதாகப் படிக்கலாம்.

## யாருக்கு எது

தமிழ் வாசிப்பு வேகம் குறைந்தவர்கள் ராஜேஷ்குமாரில் இரண்டு, பிறகு சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. அதன்பின் கல்கி தானாக எளிதாகிவிடுவார்.

விட்டுப்போன பழக்கத்தை மீட்க நினைப்பவர்கள் புதிதாக ஒருவரைத் தேடாமல், முன்பு பிடித்த எழுத்தாளரின் படிக்காத நூல் ஒன்றை எடுங்கள். பாதி உழைப்பு மிச்சம்.

படத்தைப் பார்த்துவிட்டு ‘பொன்னியின் செல்வ’னில் சிக்கிக்கொண்டவர்களுக்கு என் பரிந்துரை, ஒரே நாளில் நூறு பக்கம் என்று ஓடாதீர்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம், இடைவெளி விடாமல். வாரக்கதை அந்த அளவில்தான் ருசிக்கும். கண் ஒத்துழைக்காதவர்கள் ஒலிநூலாகக் கேட்கலாம். கல்கியின் குரல் வாய்விட்டுப் படிப்பதற்கென்றே அமைந்தது.

வாங்கப் போகிறவர்கள் எந்த எழுத்தாளராக இருந்தாலும் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், அல்லது பக்கத்து அரசு நூலகத்தில் எடுங்கள். இந்தக் கட்டுரையில் வந்த பெயர்களில் பெரும்பாலானவை அங்கே இருக்கும். ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் அடுத்தவரை எடுங்கள்.